வாளி தரையில்

டீசல் கணக்கு எழுதும் நோட்டில்
கடைசிக் கட்டம் நானே போட்டது.
மணி, லிட்டர், வாடகை, பாக்கி,
அதற்கப்புறம்: ஒன்றும் நடக்கவில்லை.
முதலாளி கபூர் பாய் புரட்டிப் பார்த்துக் கேட்டார்,
இதுக்கு எதுக்கய்யா ஒரு கட்டம்,
நடந்தாத்தானே எழுதணும்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே
பேர் இல்லாத ஒரு பிரிவு வாய்க்கால்.
மேட்டூர் திறக்க இன்னும் பதினெட்டு நாள்.
பொக்லைன் அள்ளிவைத்த வண்டலை
டிராக்டர் வாளியால் டிப்பருக்கு மாற்றணும்.
கரை பன்னிரண்டடி, வண்டி ஏழடி.
மீதியில் பாதியை நண்டு தின்றுவிட்டது.

பார்வைக்குக் கரை கல்.
குதிகாலால் மிதித்தால் சில இடத்தில்
காலிப் பானைச் சத்தம் வரும்.
அங்கே வேப்பங்குச்சி நட்டுவிடுவேன்.
குச்சிக்கு அப்பால் டயர் போகாது.
போன வண்டி ஒன்றைக் கோரையாற்றிலிருந்து
தூக்கிவிட நானும் போயிருந்தேன்.
அதன் ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது.
நிறுத்த ஒருத்தரும் கை வைக்கவில்லை.

பின்பக்கம் அறுநூறு கிலோ கான்கிரீட் கட்டை.
ஈரமாய் இருந்தபோது ஒரு காக்கை நடந்திருக்கிறது:
மூன்று தடம், நாலாவது இல்லை.
அந்தக் கட்டை இல்லாமல் வாளியை நிரப்பினால்
பின்சக்கரம் தரையை மறந்துவிடும்,
பிரேக் வெறும் பெடல்.

நிரம்பிய வாளி முழங்கால் உயரத்தில்தான் போகும்.
டிப்பர் பக்கத்தில் நேராக நின்ற பிறகுதான்
மேலே.
ராமநாதபுரத்து ஆடுகள் குறுக்கே வந்தால்
வாளி தரையில். டீ வந்தாலும் தரையில்.
ஒன்றுக்கு ஒதுங்கினாலும் தரையில், சாவி சட்டைப்பையில்.
தூக்கி நிற்கும் அந்த இரும்புக் கைகளைத் தாங்குவது
விரல் தடிமன் ரப்பர் குழாய்க்குள் இருக்கிற எண்ணெய்.
வெயில் கணக்கில் அந்தக் குழாய்க்கு என் வயசு.
வாளி நிழலில் உட்கார வரும்
கிளீனர் பொற்செல்வனை
கெட்ட வார்த்தையில்தான் விரட்டுவேன்.
நல்ல வார்த்தைக்கு அவன் நகர்வதில்லை.

நேற்று சாயங்காலம் கடைத்தெருவில் காதணி விழா பேனர்.
கேட்கவே இல்லை, இளஞ்சேரன்
வாளிக்குள் ஏறி நின்றுவிட்டான்.
அண்ணே, ரெண்டே நிமிஷம், கம்பத்து உச்சி வரைக்கும்.
மேலே மின்கம்பி
ஈரத்துணி போட்ட கொடி மாதிரித் தொய்ந்து கிடக்கிறது.
எஞ்சினை அணைத்தேன். இறங்கு என்றேன்.
சீர்வரிசை முகத்தோடு தாய்மாமன் வந்தார்.
ஐந்நூறு ரூபாய் வந்தது.
என்னய்யா, பெரிய ஏரோப்பிளேனா ஓட்டுற, வந்தது.
சாவி பையிலேயே இருந்தது.

தியாகேசன் வண்டியைக் கூப்பிட்டார்கள்.
அவன் தூக்கினான்.
இளஞ்சேரன் ஒரு கையால் கயிறு கட்டி
மறு கையால் செல்ஃபி எடுத்தான்.
கம்பிக்கும் அவன் தலைக்கும் நடுவே
ஒரு முழம், சில நேரம் ஒரு சாண்.
டீக்கடையில் நின்றிருந்த என் வலது கை
இல்லாத லீவரைக்
கீழே கீழே என்று தள்ளிக்கொண்டிருந்தது.

இறங்கிவிட்டான். பேனர் நேராக இருந்தது.
ஒன்றும் நடக்கவில்லை.
என்னைப் பார்த்து யாரோ சிரித்தார்கள்.

அங்கே நடக்காததும் என் நோட்டில் நடக்காததும்
அதே இரண்டு வார்த்தை.
எழுதி வைத்தால் வித்தியாசம் தெரியாது.
ராத்திரி வெகுநேரம்
பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.
வாடகை கட்டம் காலி, ஐந்நூறும் இல்லை.
கடைசியில் எழுதினேன். கொஞ்சம் அழுத்தி.

காலையில் கரைக்கு வந்தால்
ஒரு வேப்பங்குச்சி சாய்ந்து கிடக்கிறது.
ராத்திரிக் கோடைமழைக்கு நண்டு வெளியே வந்திருக்கிறது.
பிடுங்கி ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டேன்.
பொற்செல்வன் டிப்பர் மேலிருந்து கத்துகிறான்,
கிளப்பலாமாண்ணே?

பொறுடா. பெல்ட் போட்டுக்கறேன்.
நீ மொதல்ல அந்தப் பக்கம் போ.